வடிவியல் நிரூபணம்: பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில், மாலை நேரத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். வடிவியல் பாடம் தொடங்கும் வாரத்தில் வருஷா வருஷம் அதே சந்தேகங்கள் வரும், பெரும்பாலும் அதே வார்த்தைகளில். இயற்கணிதத்தை மளமளவென்று போடுகிற பிள்ளைகூட இங்கே வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடும். நிரூபணம் என்றால் என்ன வேலை என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும், மறுபடி எடுத்துவிடும். அதனால் கேள்விகளைக் கேட்டபடியே எழுதி, நான் சொல்லும் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"படத்தப் பாத்தாலே தெரியுது இல்ல மிஸ், அப்புறம் இன்னாத்துக்கு நிரூபிக்கணும்?"

காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். தூரத்தில் இரண்டு தண்டவாளமும் ஒன்றாகச் சேர்வதுபோலத் தெரியும். நிஜத்தில் சேர்ந்தால் ரயில் என்ன ஆகும்? கண் சொல்வதை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் நம் ஊரில் இல்லை.

சரி, அளந்து பார்க்கலாம் என்பீர்கள். ஒருமுறை எல்லாரையும் ஆளுக்கொரு முக்கோணம் வரைந்து பாகைமானியால் மூன்று கோணத்தையும் அளந்து கூட்டச் சொன்னேன். ஒருவருக்கு 179°, இன்னொருவருக்கு 182°, சிலருக்குச் சரியாக 180°. பென்சில் கோட்டுக்கே ஒரு தடிமன் இருக்கிறது, கருவியும் கொஞ்சம் பிசகும். அளவு எல்லாருக்கும் சரியாக வந்திருந்தாலும், அன்று தாளில் இருந்த முக்கோணங்களுக்கு மட்டும்தான் அது பதில். வரையாத முக்கோணங்களுக்கு?

இப்போது உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். அடியில் இருக்கும் இரண்டு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக (இணைகோடுகளை ஒரு கோடு வெட்டும்போது அதன் எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ளே வரும் சம கோணங்கள்) மேலே உச்சிக்கு இரண்டு பக்கமும் வந்து உட்காரும். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டை நிரப்புகின்றன, ஆகவே 180°. இதைச் சொல்லும்போது எந்த முக்கோணம், எவ்வளவு பெரியது என்ற பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா? அதனால்தான் இது எல்லா முக்கோணத்துக்கும் பொருந்துகிறது.

"கொடுக்கப்பட்டவை, நிரூபிக்க, அமைப்பு, நிரூபணம்னு நாலையும் எழுதியே ஆகணுமா?"

எழுதுங்கள். மார்க்குக்காக மட்டும் சொல்லவில்லை. 'கொடுக்கப்பட்டவை' என்பது கையில் இருக்கும் காசு, 'நிரூபிக்க' என்பது போய்ச் சேர வேண்டிய ஊர். இரண்டையும் எழுதாமல் கிளம்புகிறவர்கள் பாதி வழியில், நிரூபிக்க வேண்டியதையே கொடுக்கப்பட்டதாக நினைத்துப் பயன்படுத்திவிடுகிறார்கள். 'அமைப்பு' மட்டும் தேவைப்பட்டால்தான். படத்தில் நீங்களாக ஒரு கோடு சேர்த்தால் அதை அங்கே சொல்ல வேண்டும்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குதே, அதுல இன்னா எழுதுறது?"

என்னைக் கேட்டால் நிரூபணமே அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. கூற்றை யாரும் எழுதிவிடலாம். அங்கே வரக்கூடியவை கொஞ்சம்தான்: கணக்கில் கொடுத்தது, நீங்கள் அமைத்தது, ஒரு வரையறை, முன்பே நிரூபித்த ஒரு தேற்றம், எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் அடிப்படை உண்மை. "படத்திலிருந்து தெரிகிறது" என்பது இந்த வரிசையில் இல்லை.

குத்தெதிர்க் கோணங்களை எடுத்துக்கொள்வோம். ஏபி, சிடி என்ற இரண்டு கோடுகள் ஓ என்ற புள்ளியில் வெட்டுகின்றன. முதல் வரி: கோணம் ஏஓசி + கோணம் சிஓபி = 180°. காரணம்: ஏபி நேர்கோடு. இரண்டாம் வரி: கோணம் சிஓபி + கோணம் பிஓடி = 180°. காரணம்: சிடி நேர்கோடு. இரண்டு கூட்டலும் 180° என்பதால் அவை ஒன்றுக்கொன்று சமம். இரண்டிலும் பொதுவாக இருக்கும் சிஓபியைக் கழித்தால் ஏஓசி = பிஓடி. காரணம்: சமமானவற்றிலிருந்து சமமானதைக் கழித்தால் மிச்சமும் சமம்.

அந்தக் கடைசிக் காரணத்தைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்டிரியாவில் யூக்ளிட் வடிவியலைத் தொகுத்தபோது, நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டியவை என்று 5 எடுகோள்களையும் 5 பொதுக் கருத்துகளையும் முன்னாடியே வைத்தார். அந்தப் பொதுக் கருத்துகளில் இதுவும் ஒன்று. எங்கேயாவது ஓர் இடத்தில் "இதை ஒப்புக்கொள்வோம்" என்று நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் காரணத்துக்குக் காரணம் கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. புத்தகத்துல மட்டும் எப்டி டக்குனு வருது?"

புத்தகத்தில் இருப்பது சுத்தமாக எழுதிய பிரதி. அதை முதலில் கண்டுபிடித்தவர் மேலிருந்து கீழாக யோசித்திருக்க மாட்டார். நீங்களும் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். இரண்டு பக்கம் சமம் என்று காட்ட வேண்டுமா? அந்த இரண்டு பக்கமும் எந்த இரண்டு முக்கோணங்களில் இருக்கின்றன? அவை சர்வசமம், அதாவது வடிவும் அளவும் அப்படியே ஒன்று, என்றால் வேலை முடிந்தது. சர்வசமம் என்று சொல்ல மூன்று விஷயம் வேண்டும். எத்தனை கையில் இருக்கிறது? இரண்டு இருந்தால், மூன்றாவதைத்தான் தேட வேண்டும். இப்படி வந்தால் பெரிய கேள்வி ஒரு சின்னக் கேள்வியாகச் சுருங்கிவிடும்.

இதை ரஃப் தாளில் செய்துவிட்டு, விடைத்தாளில் தலைகீழாகத் திருப்பி எழுதுங்கள். ரஃப் தாள் எடுக்கக் கூச்சப்படுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது அசிங்கமாக இருக்கலாம், அடித்தல் திருத்தல் இருக்கலாம். அதற்குத்தானே அந்தத் தாள்.

"சர்வசமம், வடிவொத்தது, ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. ஒரே பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் இரண்டு பிரதி எடுத்தால் அவை சர்வசமம். அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினால் வடிவொத்தது. முகம் அதேதான், அளவு வேறு. சர்வசமமான எல்லாமே வடிவொத்தவைதான், மறுபக்கமாகச் சொல்ல முடியாது.

"இதெல்லாம் படிச்சு என் பையன் வாழ்க்கையில எங்கே பயன்படுத்தப் போறான்?" (ஓர் அப்பா கேட்டது)

நியாயமான கேள்வி. வேலூர்க் கோட்டை அகழியின் அகலத்தைத் தண்ணீரில் இறங்காமல் கண்டுபிடிக்க வேண்டும் என்று வையுங்கள். எதிர்ச்சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர் எதிரே இந்தக் கரையில் நில்லுங்கள். கரையோரமாக 20 அடி நடந்து ஒரு குச்சி நடுங்கள். இன்னும் 20 அடி அதே கோட்டில் நடங்கள். இப்போது அகழிக்கு முதுகைக் காட்டிச் செங்குத்தாகத் திரும்பி நடந்துகொண்டே, அடிக்கடி திரும்பிப் பாருங்கள். குச்சியும் அந்தக் கல்லும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்தில் நின்றுவிடுங்கள். கரையிலிருந்து அதுவரை நீங்கள் நடந்த தூரம்தான் அகழியின் அகலம்.

எப்படி? குச்சிக்கு இரண்டு பக்கமும் இருக்கும் 20 அடி சமம். இரண்டு முனையிலும் செங்கோணம். குச்சியில் இருப்பவை குத்தெதிர்க் கோணங்கள், அவை சமம் என்று மேலே பார்த்தாயிற்று. ஆக கோ-ப-கோ (கோணம்-பக்கம்-கோணம்) விதிப்படி இரண்டு முக்கோணமும் சர்வசமம். எங்கள் தெருவை அகழியாக வைத்துக்கொண்டு சாக்பீஸாலும் கயிற்றாலும் பிள்ளைகள் இதைச் செய்து பார்த்தார்கள். பிறகு தெருவைக் குறுக்கே அளந்தபோது நாலு விரற்கடைதான் வித்தியாசம். அன்றைக்குப் பிறகு அந்தக் குழுவில் யாருக்கும் கோ-ப-கோ மறந்ததில்லை.

ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணம் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற இந்த ஒரே உண்மையை வைத்து இந்தியாவையே அளந்திருக்கிறார்கள். 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஒரு நீண்ட அடிக்கோட்டைச் சங்கிலியால் மிகக் கவனமாக அளந்தார். அதன்மேல் முக்கோணம், அதன் பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம் என்று, மலை உச்சிகளிலிருந்து கோணங்களை மட்டும் அளந்தபடி மேற்குக் கடற்கரை வரை போனார்கள். கோணம் அளக்கும் கருவியே ஏறக்குறைய அரை டன் எடை. நம்மைச் சுற்றி இருக்கும் மலைகளைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

"ப-கோ-ப இருக்குது, கோ-ப-கோ இருக்குது. ப-ப-கோ மட்டும் ஏன் இல்ல?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சொல்லிப் புரியவைப்பதைவிட வரைந்து பார்ப்பது நல்லது. ஏ என்ற புள்ளியில் 30° கோணம் போடுங்கள். ஒரு கையில் 8 செ.மீ. தூரத்தில் பி என்று குறியுங்கள். காம்பஸில் 5 செ.மீ. எடுத்து, பி-யில் ஊன்றி, இன்னொரு கையை வெட்டும்படி வில் போடுங்கள். ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில் வெட்டும்! ஒன்று ஏ-யிலிருந்து சுமார் 3.9 செ.மீ., மற்றது சுமார் 9.9 செ.மீ. இரண்டு முக்கோணத்திலும் 8, 5, 30° இருக்கின்றன. ஆனால் ஒன்று ஒல்லி, ஒன்று பெரிது. ப-ப-கோ பொருந்தியும் சர்வசமம் வரவில்லை.

அதே கோணம் 90° ஆக இருந்து, காம்பஸில் 8-ஐவிடப் பெரிய அளவு எடுத்தால், வில் ஏ-க்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் வெட்டும். உங்களுக்கு வேண்டிய பக்கத்தில் ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும். அதனால்தான் செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) மட்டும் அனுமதி பெற்றது. ப-கோ-ப என்று எழுதும்போது கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இருக்கிறதா என்று ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். விடைத்தாளில் மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான்.

"அமைப்புல ஒரு கோடு போடுறாங்களே, அது எனக்கு எப்டி தோணும்?"

நாலாவது கேள்வியில் சொன்ன பின்னோக்கி வரும் வழிதான் இதற்கும். இருசமபக்க முக்கோணத்தில் ஏபி = ஏசி. அடிக்கோணங்கள் சமம் என்று காட்ட வேண்டும். அந்த இரண்டு கோணமும் இரண்டு முக்கோணங்களில் இருந்தால் வசதி, ஆனால் இருப்பது ஒரே முக்கோணம். அப்போ அதை இரண்டாக்க வேண்டும். உச்சிக் கோணத்தை இருசமக் கூறிடும்படி ஏடி என்று ஒரு கோடு வரைகிறோம். ஏபி = ஏசி, நடுக்கோணங்கள் சமம், ஏடி பொது. ப-கோ-ப, முடிந்தது.

இங்கே ஒரு பழக்கத்தை விட்டுவிடுங்கள். "ஏடி என்ற கோடு கோணத்தை இருசமக் கூறிடும், பிசி-க்குச் செங்குத்து, நடுப்புள்ளி வழியாகவும் போகும்" என்று மூன்றையும் அமைப்பிலேயே எழுதக்கூடாது. ஒரு கோட்டிடம் ஒன்றைத்தான் கேட்கலாம். மற்ற இரண்டும் உண்மையாகவே வரும், ஆனால் அவற்றை நீங்கள் நிரூபித்துத்தான் பெற வேண்டும்.

கோடே போடாமலும் இதை நிரூபிக்கலாம். கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் பாப்பஸ் காட்டிய வழி அது: முக்கோணம் ஏபிசி-யை அதன் திருப்பிய வடிவமான ஏசிபி-யோடு ஒப்பிடுங்கள். ஏபி = ஏசி, ஏசி = ஏபி, உச்சிக் கோணம் ஒன்றேதான். ஆகவே ப-கோ-ப. முதல்முறை சொல்லும்போது பிள்ளைகள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். முக்கோணத்தை வெட்டி எடுத்துப் புரட்டி அதன்மேலேயே வைத்துக் காட்டினால் சிரித்துவிடுவார்கள்.

"எல்லா வரியும் சரியாத்தானே எழுதினேன், சுத்திச் சுத்தி வந்துட்டேன்னு ஏன் மார்க் கொடுக்கல?"

நிரூபிக்க வேண்டியதையே நடுவில் காரணமாக எழுதியிருப்பீர்கள். மேலே சொன்ன இருசமபக்கத் தேற்றத்தில் ஒரு மாணவி செங்குத்து வரைந்து, "கோணம் பி = கோணம் சி, காரணம்: இருசமபக்க முக்கோணம்" என்று எழுதி, கோ-கோ-ப சொல்லி முடித்திருந்தாள். ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் அந்தக் காரணம்தான் அன்றைய தேற்றமே.

தேற்றங்களுக்கு ஒரு வரிசை உண்டு, பின்னால் வருவதை முன்னால் வருவதற்குக் காரணமாகக் காட்ட முடியாது. உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால், இந்தக் காரணத்தை எப்போது, எதை வைத்து நிரூபித்தோம் என்று கேட்டுப் பாருங்கள்.

"மறுதலைன்னா தேற்றத்தத் திருப்பி எழுதுறதுதானே? அதத் தனியா வேற நிரூபிக்கணுமா?"

காட்பாடியில் வசிப்பவர் வேலூர் மாவட்டத்தில் வசிப்பவர். சரி. வேலூர் மாவட்டத்தில் வசிப்பவர் காட்பாடியில் வசிப்பவரா? குடியாத்தத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். திருப்பினால் உண்மையாகவே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. செவ்வகத்தில் மூலைவிட்டங்கள் சமம். ஆனால் மூலைவிட்டங்கள் சமமான நாற்கரம் எல்லாம் செவ்வகம் ஆகிவிடாது, இருசமபக்கச் சரிவகத்திலும் அவை சமம்தான். தவறு என்று காட்ட இப்படி ஓர் எதிர்க்காட்டு போதும். உண்மை என்று காட்ட நூறு படம் வரைந்தாலும் போதாது, முதல் கேள்வியிலேயே பார்த்தோம்.

பிதாகரஸ் தேற்றத்துக்கு மறுதலையும் உண்மை. யூக்ளிட் தன் வடிவியல் தொகுப்பின் முதல் பாகத்தில் தேற்றத்தை 47-ஆவதாகவும், மறுதலையை 48-ஆவதாகவும் தனித்தனியாக நிரூபித்து வைத்தார். வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு நூலில் 3 அடி, மறு நூலில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மூலை செங்கோணம். அவர் பயன்படுத்துவது தேற்றத்தை அல்ல, மறுதலையை. செங்கோணம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை, அதைத்தான் அவர் தேடுகிறார்.

"இணை இல்லன்னு வச்சுக்குவோம்னு பொய்யாவே ஆரம்பிக்கிறாங்களே, அது எப்டி நிரூபணம் ஆவும்?"

முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்பது தேல்ஸ் தேற்றம். அதன் மறுதலையில் வரும் வரி இது. ஏபி மேல் டி, ஏசி மேல் ஈ. இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் பிரிகின்றன. டிஈ, பிசி-க்கு இணை என்று காட்ட வேண்டும். இணை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போ டி வழியாக வேறொரு கோடு, டிஎஃப், பிசி-க்கு இணையாக இருக்கும், எஃப் ஏசி-யின் மேல். தேல்ஸ் தேற்றப்படி எஃப்-பும் ஏசி-யை அதே விகிதத்தில் பிரிக்கும். ஒரு கோட்டுத்துண்டை உள்ளே ஒரே விகிதத்தில் பிரிக்கும் புள்ளி ஒன்றுதான் இருக்க முடியும். ஆகவே எஃப்-பும் ஈ-யும் ஒரே புள்ளி. வேறு கோடு என்று சொன்னோம், அதே கோடுதான் என்று வந்து நிற்கிறது. முட்டுகிறது இல்லையா? நடுவில் எல்லாப் படியும் சரி என்பதால், தப்பு ஆரம்பத்தில் வைத்துக்கொண்டதில்தான்.

வீட்டில் நீங்களும் இப்படிப் பேசுகிறவர்கள்தான். "சாவி வண்டியிலேயே இருந்திருந்தால் கதவை எப்படித் திறந்திருப்பேன்?" என்பது இதே வாதம்.

"தேற்றத்த மனப்பாடம் பண்ணிட்டா 5 மார்க் வந்துடும் இல்ல?"

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேற்றத்தை அப்படியே கேட்டால் வந்துவிடும். ஆனால் புத்தகத்தில் இல்லாத கணக்காகக் கேட்டால் மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும். தேற்றத்தின் கூற்றை வார்த்தை பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள், அதில் ஒரு சொல் போனாலும் பொருள் மாறும். நிரூபணத்துக்கு அதன் முக்கியமான ஒரு திருப்பத்தை மட்டும் நினைவில் வையுங்கள். கோண இருசமவெட்டித் தேற்றம் (ஏடி, கோணம் ஏ-யின் இருசமவெட்டி) என்றால், "சி வழியாக ஏடி-க்கு இணைகோடு" என்பது போதும். மிச்சம் தானாக வரும். எழுத்துகளை பி, கியூ, ஆர் என்று மாற்றி ஒருமுறை எழுதிப் பாருங்கள். தடுமாறினால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

"தமிழ் மீடியத்துலேருந்து இங்கிலீஷ் மீடியம் போனா எல்லாம் மாறிடுமா?"

பெயர் மட்டும்தான் மாறும். ப-கோ-ப அங்கே எஸ்.ஏ.எஸ்., செ-க-ப அங்கே ஆர்.எச்.எஸ். என் வகுப்பில் வீட்டில் உருதும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் உண்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மொழியிலும் சொற்களை எதிரெதிரே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

"எல்லா வரிக்கும் காரணம் இருக்குது, ஆனா எல்லா முக்கோணமும் இருசமபக்கம்னு வருது. எங்கே தப்பு?"

இந்தக் கணக்கோடு ஒரு பையன் குழம்பிப்போய் வந்தான். ஏற்கனவே பார்த்திராதவர்களுக்கு: முக்கோணம் ஏபிசி-யில் கோணம் ஏ-யின் இருசமவெட்டியும், பிசி-யின் மையக்குத்துக்கோடும் (நடுப்புள்ளி வழியாகப் போகும் செங்குத்து) ஓ-வில் சந்திக்கின்றன. ஓ-விலிருந்து ஏபி-க்கு ஓஎம், ஏசி-க்கு ஓஎல் என்று செங்குத்துகள். ஏ-யில் சம கோணம், இரண்டு செங்கோணம், ஏஓ பொது. ஆகவே ஏஎம் = ஏஎல், ஓஎம் = ஓஎல். ஓ மையக்குத்துக்கோட்டில் இருப்பதால் ஓபி = ஓசி. செ-க-ப படி எம்பி = எல்சி. கூட்டினால் ஏபி = ஏசி!

அவனிடம் ஸ்கேலும் காம்பஸும் கொடுத்து, ஏபி 9, ஏசி 6, பிசி 8 செ.மீ. வைத்துச் சரியாக வரையச் சொன்னேன். வரைந்து முடித்ததும் அவனே கண்டுபிடித்தான். ஓ முக்கோணத்துக்கு உள்ளே இல்லை, பிசி-க்குக் கீழே வெளியே இருக்கிறது. எம் ஏபி-யின் மேல் இருக்கிறது. எல் ஏசி-யைத் தாண்டி, நீட்டிய கோட்டில் இருக்கிறது. சர்வசமம் சொன்ன வரிகள் எல்லாம் சரி. "கூட்டினால்" என்ற கடைசி வரிக்கு மட்டும் காரணம் எழுதவில்லை, கையால் போட்ட படத்தைப் பார்த்து எழுதிவிட்டான். ஏஎம், ஏஎல் இரண்டும் 7.5. எம்பி, எல்சி இரண்டும் 1.5. ஏபி-க்கு அவற்றைக் கூட்ட வேண்டும், 9. ஏசி-க்குக் கழிக்க வேண்டும், 6.